எதிர்மலையும் ஓர் இரவல் லென்ஸும்

ஒக்டோபர் 6, ஞாயிறு

துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு அம்ஹர் நானாவின் ஸ்டூடியோவுக்குப் போனேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். மாத்தளை டவுனில் கெமரா பற்றிக் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிற ஒரே ஆள் அவர்தான். ஒரு முடிவோடுதான் போனேன். என்னுடைய பத்து வருஷப் பழைய கெமராவைக் கொடுத்துவிட்டு, மிரர்லெஸ் என்கிற, உள்ளே கண்ணாடி இல்லாத புது மொடல் ஒன்று வாங்குவது. பறவையின் கண்ணை அதுவே தேடிப் பிடிக்குமாம். மூன்று மாதமாக யூடியூபில் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நானா என் கெமராவை வாங்கி, லென்ஸைக் கழற்றி, மிச்சமிருந்த பொடியை, அதாவது கெமராவின் உடலை, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தப் பொடிக்கு என்ன குத்தம், மிஸ்? நல்லாத்தானே இருக்கு. நீங்க பாக்கணும்னு நெனைக்கிற சாமான் தூரத்துல இருக்கு. பொடிய மாத்தினா தூரம் கிட்ட வருமா? லென்ஸ மாத்துங்க."

பிறகு அலுமாரியிலிருந்து ஒன்றை எடுத்தார். என் முழங்கை நீளம். நூற்றைம்பதிலிருந்து அறுநூறு மில்லிமீட்டர். கண்டியில் யாரோ விற்றுத்தரச் சொல்லி வைத்துவிட்டுப் போனதாம், அவசரமில்லையாம்.

"இப்ப வாங்க வேணாம். கொண்டுபோய் ரெண்டு மூணு மாசம் பாவிச்சிப் பாருங்க. உங்களுக்குச் சரி வந்தா பேசுவோம்."

வீட்டில் என் கணவர் அதைக் கண்டதும், "இதத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நின்னா பொலிஸ் வந்து கேக்கும், நந்தினி" என்றார்.

ஒக்டோபர் 8, செவ்வாய்

இன்னும் புதுப் பொடியின் ஆசை போகவில்லை. இன்றும் இரண்டு வீடியோ பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஒக்டோபர் 13, ஞாயிறு

எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் மோட்டார் சைக்கிளில் எல்கடுவப் பக்கம் கூட்டிப்போனார். தேயிலைக்கு நடுவே ரோடு கூர்மையாகத் திரும்புகிற ஓர் இடத்தில் மதகுக் கட்டு இருக்கிறது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் எதிர்மலை. அங்கே முக்காலியை விரித்தேன். அவர் மதகுக் கட்டின்மேல் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

அரை மணிநேரம் ஒன்றுமில்லை. பிறகு பள்ளத்துக்குள்ளிருந்து கருப்பாக ஏதோ எழுந்தது. கருங்கழுகு! அது எனக்கு மேலே பறக்கவில்லை, கீழே பறந்தது. பறக்கிற கழுகின் முதுகை இதுவரை நான் பார்த்ததே இல்லை. சிறகை ஒரு தடவைகூட அடிக்காமல் தேயிலைச் செடிகளின் தலையைத் தடவுகிற உயரத்தில் வந்தது. சிறகு நுனி இறகுகள் விரல்கள் மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக வளைந்து நிமிர்ந்தன. அவ்வளவு மெதுவாக ஒரு பெரிய பறவை பறக்கலாம் என்று எனக்குத் தெரியாது. வளைவுக்கு நேரே வந்ததும் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தது. மஞ்சள் அலகடி. அதற்குப் பின்னால் பழுப்பு நிறக் கண். லென்ஸுக்குள் அந்தக் கண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை.

நான் பட்டனை அழுத்தவே இல்லை. மறந்துபோனேன்.

"எடுத்தியா?" என்று அவர் கேட்டார்.

"இல்லைங்க."

"அப்ப எதுக்கு இவ்வளவு பெரிய சாமான்?"

மறுபடியும் லென்ஸைப் பள்ளத்தின் பக்கம் திருப்பினேன்.

ஒக்டோபர் 14, திங்கள்

லேபில் இன்று நாற்பது இரத்த மாதிரிகள். மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தபோது தோன்றியது: பத்தொன்பது வருஷமாக நான் பார்ப்பதெல்லாம் மூக்குக்கு அடியில் இருக்கிறவைதான். செல்கள், கிருமிகள். யாருடைய இரத்தம் என்று முகம்கூடத் தெரியாது, இலக்கம் மட்டும். அதனால்தானோ எனக்குத் தூரத்தின் மேல் இவ்வளவு பசி?

ஒக்டோபர் 27, ஞாயிறு

கூடு!

எதிர்மலையில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே சரிவில், ஒற்றையாக ஒரு பெரிய மரம் நிற்கிறது. ஜோடிக் கழுகுகள் அதற்குக் குச்சி கொண்டுபோகின்றன. நேர்கோட்டில் இருநூறு மீட்டர் இருக்கும். நடந்து சுற்றிப்போனால் அரை மணிநேரம். அறுநூறில் வைத்தால் ஒவ்வொரு குச்சியும் தெரிகிறது. ஆண் ஒரு குச்சியைக் கொண்டுவந்து வைக்கிறது, பெண் அதை எடுத்து வேறிடத்தில் வைக்கிறது. ஆண் பார்த்துக்கொண்டே இருக்கிறது. (இதை அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.)

விறகுக் கட்டோடு வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் இராஜகுமாரி, எதிரே இருக்கிற லயத்தில்தான் வீடு, அந்தத் தோட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறார். அந்த மரத்தின் பெயர் என்ன என்று கேட்டேன்.

"பெரிய மரம்" என்றார்.

கெமராவில் பார்க்கச் சொன்னேன். விறகை இறக்கிவிட்டு, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். கழுகைக் காட்டினேன். "ம்" என்றார். பிறகு தானாகவே லென்ஸைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார்.

"ஐயோ மிஸ்ஸு! அது என் சீலை! கொடியில காயிது. எங்க காம்பிரா!"

அறைக்கு இங்கே காம்பிரா என்றுதான் சொல்வார்கள். முழு லயமும் தெரிய நான் லென்ஸை நூற்றைம்பதுக்கு மாற்றினேன், வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கெமராவுக்குள்ள எங்க பதினாறு காம்பிராவும் அடங்கிருச்சே. பொறந்ததுலேருந்து அங்கதான் இருக்கேன். இங்கேருந்து பாத்தா இப்பிடித்தான் இருக்குமா? இம்புட்டு சின்னதா? அதுக்கு மேல மல இம்புட்டு பெருசா?"

நான் கூட்டைப் பார்த்து வியந்த மாதிரி அவர் தன் வீட்டைப் பார்த்து வியந்தார்.

நவம்பர் 19, செவ்வாய்

வேலை முடிந்து ஸ்டூடியோவுக்குப் போனேன். நானா கல்யாணங்களுக்குக் கொண்டுபோகும் தன் புதுப் பொடியில் இந்த லென்ஸை மாட்டித் தந்தார். வாசலில் நின்று கரண்ட் கம்பியில் இருந்த காகத்தைப் பார்த்தேன். உடனே காகத்தின் கண்ணில் ஒரு பச்சைக் கட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. காகம் தலையைத் திருப்பினால் கட்டமும் திரும்புகிறது. பறந்தாலும் விடவில்லை.

அதிசயம்தான். மறுக்கவில்லை. ஆனால் என்னவோ போல இருந்தது. நான் தேடுவதற்குள் அது கண்டுபிடித்துவிட்டது. எனக்கு அந்தத் தேடலும் வேண்டியிருக்கிறதோ?

"பொடியா லென்ஸா, ஒண்ணுதான் வாங்க முடியும். எது?" என்று நானா கேட்டார்.

"தெரியல நானா."

"அப்ப இன்னும் பாருங்க."

டிசம்பர் 8, ஞாயிறு

பெண் கழுகு கூட்டில் உட்கார்ந்துவிட்டது. முட்டை இட்டிருக்க வேண்டும். மழை கொட்டுகிறது, அது அசையவில்லை. ஒன்றரை மணிநேரம் அவர் எனக்கும் லென்ஸுக்கும் குடை பிடித்தார். பாவமாக இருந்தது, நீங்களும் ஒரு தடவை பாருங்கள் என்றேன். குனிந்தவர் நிமிரவே இல்லை. நான் குடை பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

"முதுகுல மழைத்தண்ணி உருண்டு ஓடுது. ஒவ்வொரு துளியும் தெரியுது. நீ ஏன் எங்கிட்ட இதச் சொல்லல?"

"ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

டிசம்பர் 22, ஞாயிறு

மழை. எடுத்த எல்லாப் படமும் சாம்பல்.

ஜனவரி 5, ஞாயிறு

மனசு சரியில்லை. லென்ஸைக் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு ஞாயிறும் நான் செய்கிற முதல் வேலை ஒன்றுதான். கெமராவை நெடுக்காகத் திருப்பி, லென்ஸை நூற்றைம்பதில் வைத்து, முழு மரத்தையும் ஒரு படம். அதன் பிறகுதான் அறுநூறுக்குப் போவேன். மதகுக் கட்டில் முக்காலி வைக்க வசதியான இடம் ஒன்றே ஒன்று என்பதால் ஒவ்வொரு வாரமும் அதே படம் கிடைக்கும். மரம் படத்தின் இடது விளிம்போடு ஒட்டி நேராக நிற்கும்.

இன்று நிற்கவில்லை. விளிம்புக்கும் மரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி, மேலே போகப் போக அகலமாகிறது. முக்காலியில் மட்டம் காட்டுகிற நீர்க்குமிழியைப் பார்த்தேன், நடுவில்தான் இருந்தது. முக்காலியைச் சரித்து மரத்தை நேராக்கினேன். மரம் நேரானது, கீழே லயத்தின் கூரை சாய்ந்துவிட்டது. கூரையைச் சரி செய்தால் மரம் சாய்கிறது.

லென்ஸ் பொடியோடு சேருகிற இடம் தளர்ந்துவிட்டதா? எங்க இடிச்சேன்? பஸ்ஸுல ஒருநாள் மடியில வச்சிருந்தப்ப பிரேக் போட்டானே, அப்பவா? அடுத்தவங்க சாமான். நானாகிட்ட என்னன்னு சொல்றது?

ஜனவரி 6, திங்கள்

லேபிலிருந்து நேரே ஸ்டூடியோவுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். நானா லென்ஸை மாட்டி, எதிர்க்கடைக் கதவு நிலையைப் படம் எடுத்தார். நேராக இருந்தது. இன்னொரு பொடியில் மாட்டி எடுத்தார். அதுவும் நேர். லென்ஸைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"இதுக்கு ஒண்ணுமில்லியே மிஸ். படத்தக் காட்டுங்க."

கம்பியூட்டரில் டிசம்பர் 15, 22, 29, நேற்று என நான்கு ஞாயிறுகளின் படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார். லயத்தின் கூரை நான்கிலும் அசையவில்லை. மரம் மட்டும் அசைந்தது. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்தின் பக்கம்.

நானாவின் குரல் இறங்கிவிட்டது. "லென்ஸ் சரியாத்தான் சொல்லுது. மரம் சாஞ்சிக்கிட்டு வருது."

மரத்தின் அடியைப் பெரிதாக்கினார். பன்னம் என்கிற பெரணிச் செடிகளுக்கு நடுவே சிவப்பாக ஒரு கோடு, கத்தியால் கீறினது மாதிரி. 22ஆம் திகதி அது இல்லை. 29இல் நூல் அளவு. நேற்று அகலமாக, உள்ளே கருப்பாக. மரத்துக்கு இரண்டு பக்கமும் சரிவு முழுக்கப் போகிறது.

"யா அல்லாஹ். கீழ வீடு இருக்கா?"

இருக்கு. பதினாறு காம்பிரா. நான் ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுகின் முதுகில் மழைத்துளியை எண்ணினேன். இதைப் பார்க்கவில்லை. கண் இருந்தும் பார்க்கல. என்ன மனுஷி நான்!

நானா கடையை மூடிவிட்டு உட்கார்ந்து நான்கு படங்களையும் பெரிய தாளில் அச்செடுத்துத் தந்தார்.

ஜனவரி 7, செவ்வாய்

நானும் கணவரும் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போனோம். வளைவிலிருந்து சுற்றுப்பாதையில் லயத்துக்கு நடந்தோம். இராஜகுமாரி அக்கா படங்களை வாங்கி, வரிசையாகத் தரையில் விரித்து, குந்தி உட்கார்ந்து பார்த்தார். எழுந்து, "வாங்க மிஸ்ஸு" என்று என் கையைப் பிடித்து லயத்துக்குப் பின்னால் பீலிக்குக் கூட்டிப்போனார். மலையிலிருந்து மூங்கில் வழியாக விழுகிற தண்ணீர். பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் விழுந்தது.

"மூணு நாளா இப்பிடித்தான் வருது. மழத்தண்ணின்னு நெனச்சோம். என் அறிவுக்கு, இதுல எப்பவும் கண்ணாடி மாதிரிதான் தண்ணி வரும்."

மலைக்குள் மண் நகர்கிறது என்று படமும் தண்ணீரும் ஒன்றாகச் சொன்னது அவருக்கு உடனே விளங்கியது. எனக்கு விளங்க இரண்டு நாள் ஆகியிருந்தது.

கிராம உத்தியோகத்தருக்குப் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினோம். பத்தே நிமிஷத்தில் அழைத்தார். பரிசோதிக்க ஆட்கள் வரும் வரை காத்திருக்க வேண்டாம், எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள், திறக்கச் சொல்கிறேன் என்றார். இராஜகுமாரி அக்கா படங்களைக் கையில் வைத்துக்கொண்டு காம்பிரா காம்பிராவாக ஏறி இறங்கினார்.

கடைசிக் காம்பிராவில் நல்லையா என்று ஒரு பெரியவர், எழுபதுக்கு மேல். மனைவி இல்லை, பிள்ளைகள் கொழும்பில். அவரும் ஒரு செவலைப் பசுவும்தான்.

"படத்தப் பாத்து வீட்ட விட்டுப் போறதா? நான் இந்த மழய எத்தன பாத்துட்டேன். நீங்க பருந்து புடிக்கிற வேலையப் பாருங்கம்மா."

ஜனவரி 9, வியாழன்

பதின்மூன்று குடும்பம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதாம். மூன்று இன்னும் இல்லை. இங்கே டவுனிலும் விடாத மழை. லேபில் இரண்டு தடவை இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

எல்லாரும் இருக்காங்க. எல்லாரும். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நாளைக்கு எழுதுறேன்.

ஜனவரி 11, சனி

நேற்றுக் காலை நானும் அவரும் பாண் ரொட்டியும் பால்மாப் பெட்டியும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். இரண்டு குடும்பம் விடியற்காலையில் வந்துவிட்டது. நல்லையா ஐயா மட்டும் வரவில்லை. இராஜகுமாரி அக்கா இரண்டு ஆண்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். நானும் பின்னாலே போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. என் கணவர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே என்னோடு வந்தார்.

பெரியவர் பயந்துதான் இருந்தார். வருகிறேன் என்றார், மாட்டை அவிழ்த்துக்கொண்டு வருகிறேன் என்றார். மாட்டுக் கொட்டில் லயத்துக்குப் பின்னால், மரத்துக்கு நேர் கீழே. அதற்கும் லயத்துக்கும் நடுவே இருக்கிற வடிகால் கான் பொங்கி ஓடியது. பசு தண்ணீரைக் கண்டு மிரண்டு காலை ஊன்றிக்கொண்டது. அவர் கயிற்றை இழுக்கிறார், அது பின்னால் போகிறது. மேலேயிருந்து சிறு கற்கள் உருண்டு வந்தன. முதலில் ஒன்று, பிறகு இரண்டு மூன்று.

"மாமா, விடுங்க! வாங்க!" என்று இராஜகுமாரி அக்கா கத்தினார். அவர் விடவில்லை. நான்தான் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கயிறு சுற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. ஆண்கள் இருவரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பாதையில் நூற்றைம்பது அடி ஏறியிருப்போம். சத்தம் வந்தது. இடி மாதிரி என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. மிக ஆழத்தில் யாரோ ஒரு பெரிய கதவை இழுத்துத் திறப்பது போல. திரும்பிப் பார்த்தேன்.

மரம் விழவில்லை. அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மரம் நின்றபடியே வந்தது. மேலும் சாயாமல், கூட்டோடு, கிளையில் ஓர் இலை அசையாமல், மலையோடு சேர்ந்து இறங்கி வந்தது. ஒரு கணம், ஒரே கணம், அது எவ்வளவு அழகாக இருந்தது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இப்போது வெட்கப்படுகிறேன், ஆனால் பொய் எழுதக் கூடாது. கழுகு கடைசி நொடியில் கூட்டை விட்டு எழுந்தது. பிறகு எல்லாம் சிவப்பு. கூரைகள் தீப்பெட்டி போல மடிந்தன. லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை.

மொத்தம் அரை நிமிஷம்கூட இருக்காது. அதன் பிறகு வந்த அமைதியில் மழையின் சத்தம் மட்டும்.

கெமரா என் தோள்பையில்தான் இருந்தது. கை அந்தப் பக்கமே போகவில்லை.

நல்லையா ஐயா தரையில் உட்கார்ந்து, "முன்னாடியே அவுத்துவிட்டிருந்தா ஓடியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "அவுத்துவிட்டிருந்தா ஓடியிருக்கும்."

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். பள்ளிக்கூட முற்றத்தில் மூன்று கல் வைத்து எல்லாருக்கும் ஒரே பானை. ஐம்பத்தெட்டுப் பேர். பொங்கி வழிந்தபோது எல்லாரும் அழுதார்கள், நானும்தான். எண்ணிப் பார்த்தேன், இன்னொரு தடவையும் எண்ணினேன். ஐம்பத்தெட்டு. மனிதர்களை எண்ணுவது இவ்வளவு பெரிய சந்தோஷமா?

நல்லையா ஐயாவுக்கு நான் கொண்டுபோன கிண்ணத்தை அவர் வாங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இராஜகுமாரி அக்கா கொடுத்தபோது வாங்கினார்.

ஜனவரி 26, ஞாயிறு

இராஜகுமாரி அக்கா கேட்டார்: "மிஸ்ஸு, எங்கள ஒரு படம் எடுப்பீங்களா? கல்யாணப் படம், புள்ளைங்க சடங்குப் படம், செத்தவங்க படம், எல்லாம் மண்ணுக்குள்ள. செவத்துல மாட்ட ஒண்ணுமே இல்ல."

நீள லென்ஸை மாட்டினேன். மூன்று மீட்டருக்குள் இருக்கிற எதையும் அதனால் தெளிவாகப் பார்க்க முடியாது. வகுப்பறையோ சின்னது. இருநூறு மீட்டரைக் கிட்டக் கொண்டுவருகிற சாமானுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற முகம் தெரியவில்லை. கழற்றி வைத்துவிட்டு, கெமராவோடு வந்த பழைய சின்ன லென்ஸை மாட்டினேன். வெளிச்சம் போதவில்லை. பாதிப் படம் அசைந்துவிட்டது. மீதி பரவாயில்லை.

ஆனால் அந்த முகங்கள்! இராஜகுமாரி அக்காவின் நெற்றியில் கொழுந்துக் கூடையின் கயிறு முப்பது வருஷம் அழுத்திய தடம். யன்னல் வெளிச்சம் அதில் விழுந்தபோது மூச்சை நிறுத்திவிட்டேன். அன்றைக்குக் கழுகு திரும்பிப் பார்த்தபோது நிறுத்தினேனே, அப்படி. இவ்வளவும் இவ்வளவு கிட்டவா இருந்தது?

நல்லையா ஐயா படம் எடுக்க வரவில்லை. கூப்பிடவும் எனக்குத் தைரியம் இல்லை.

பெப்ரவரி 2, ஞாயிறு

முடிவு எடுத்தாயிற்று. நீள லென்ஸைத் துடைத்து, மூடி போட்டு, நானாவிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கி அலுமாரியில் வைத்தார். பிறகு மேசை அடியிலிருந்து ஓர் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸை எடுத்து வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிறது. கிட்டவும் வராது, தூரமும் போகாது; முன்னே போக வேண்டுமென்றால் நான்தான் நடக்க வேண்டும். ஆனால் இருட்டு அறையிலும் முகம் தெரிகிறது.

"பொடி?" என்று கேட்டார்.

"அதே பொடிதான் நானா."

சிரித்தார். லயத்துப் படம் எல்லாவற்றையும் தானே அச்சுப்போட்டுத் தருவதாகச் சொன்னார். "அதுக்கு எவ்வளவுன்னு எங்கிட்ட கேக்காதீங்க, மிஸ்."

பெப்ரவரி 16, ஞாயிறு

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தகரச் சுவரில் ஆணி அடிக்கிற வேலை அவருக்கு.

திரும்பப் புறப்படும்போது நல்லையா ஐயா எங்கள் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார். முப்பத்தேழு நாளுக்குப் பிறகு என்னோடு பேசினார். என் முகத்தைப் பார்க்காமல்தான்.

"அந்தப் பருந்து படமெல்லாம் வச்சிருக்கீங்களாம்மா?"

"இருக்கு ஐயா."

"அதுல எங்கயாச்சும்..." நிறுத்திவிட்டார். "என் செவல தெரியுமா?"

தேடிப் பார்க்கிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பெப்ரவரி 20, வியாழன்

நான்கு நாளாக, கிடைத்த நேரமெல்லாம் அதே வேலை. இரண்டாயிரத்து நூறு படங்கள். கூடு, கூடு, கழுகு, கூடு. அறுநூறில் எடுத்த எதிலும் இருக்காது. நூற்றைம்பதில் எடுத்த முழு மரப் படங்களில்தான் அடிப்பாகம் கொஞ்சம் வரும். அவற்றில் கொட்டிலின் கூரை இருக்கிறது, பசு உள்ளே. ஒரு படத்தில் வால் மட்டும். இன்னொன்றில் மூடுபனி.

இன்று மதியச் சாப்பாட்டு இடைவேளையில், நவம்பர் 24இல் எடுத்தது. மரம், கூடு, மேலே ஒரு பறவை. கீழ் மூலையில்...

கொட்டிலுக்கு வெளியே, வெயிலில், செவலைப் பசு. அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர்.

நான் அதை எடுத்தேன். என் கையால். எடுத்தபோது அங்கே யாரும் இருந்ததாகவே எனக்குத் தெரியாது. எண்பத்தெட்டு நாளாக என்னிடமே இருந்திருக்கிறது. சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

தபால் அட்டை அளவுக்கு மேல் பெரிதாக்கினால் படம் உடைந்துவிடும் என்றார் அம்ஹர் நானா. அந்த அளவிலேயே அச்செடுத்து, உறையில் போட்டுத் தந்தார்.

நல்லையா ஐயா கொட்டகை வாசலில் இருந்தார். உறையைக் கொடுத்தேன். படத்தை வெளியே எடுத்து, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, மறுபடி தூரப் பிடித்தார். நானும் என் கணவரும் கொட்டகை நிழலில் நின்றோம்.

"பின்னங்கால தூக்கி வச்சிருக்கா பாருங்க," என்றார் கடைசியில். "அன்னைக்கி முள்ளு குத்தியிருந்திச்சி. நாந்தான் புடுங்கினேன். மஞ்ச அரைச்சிப் போட்டேன். ரெண்டு நாள் நொண்டினா."

"தெரியுதா ஐயா?"

"தெரியாம? நெத்திச் சுட்டிகூடத் தெரியுதே."

எனக்கு அந்தப் படத்தில் சுட்டி எதுவும் தெரியவில்லை. நான் கம்பியூட்டரில் எவ்வளவோ பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தெரிந்தது.

படத்தை மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கி நீங்க கையப் புடிச்சி இழுக்கலன்னா நானும் உள்ளதான். தெரியும். தெரிஞ்சும் மனசு கேக்கல."

கீழே விழுந்திருந்த உறையை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

உள்ளே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். சற்று நேரத்தில் ஒரு வெள்ளைச் சட்டையோடு வந்தார். நிவாரணத்தில் கிடைத்தது போல, மடிப்புக்கூடக் கலையவில்லை. ஸ்டூலை வாசலுக்கு இழுத்துப் போட்டார்.

"எங்கிட்டு பாக்கணும்?"

"என்னையே பாருங்க ஐயா."

சின்ன லென்ஸ். இரண்டு எட்டு முன்னே நடந்தேன். மேல் பித்தானைப் பூட்ட அவருக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. காத்திருந்தேன்.